இரண்டு ஸ்பூன் விளக்கெண்ணெய்

தாடி மீசை நல வாரியத்தார் காலை ஏழு மணிக்கு வந்தபோது லிப்ட் மெக்கானிக்கின் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. வாயில் பற்பசை நுரையோடு அவனே வாசலில் நின்றுகொண்டிருந்தான். வந்தவர்கள் இரண்டு பேர். முன்னால் நின்றவர் ஆய்வாளர். ஒல்லியான மனிதர், அக்குளில் படிவக் கட்டு. பின்னால் நின்றவர் தோளில் கோடாலியோடு வெளிச்சத்தையே மறைத்துக்கொண்டு நின்றார். வாரியத்தில் அவருடைய பதவிக்கு இணக்க உதவியாளர் என்று பெயர். அவரிடம் ஒரு தடவையாவது இணங்கியவர்கள் எல்லோரும் அவரைப் பெரியகை என்றுதான் சொல்வார்கள்.

வாயைத் துடைத்துக்கொண்டு, "உள்ள வாங்க சார்" என்றான் மெக்கானிக்.

ஆய்வாளர் முகம் சுளித்தார். "கதவைச் சாத்துங்க."

"எதுக்கு சார்?"

"சாத்திட்டு தாழ்ப்பாளும் போடுங்க. நாங்க உடைச்சுக்கிட்டு வரணும்."

"திறந்துதானே சார் இருக்கு?"

"திறந்த கதவு வழியா வந்தா அதுக்குப் பேரு விருந்தாளி தம்பி. எங்க படிவத்துல விருந்தாளிக்குக் கட்டம் கிடையாது."

மெக்கானிக் பன்னிரண்டு வருஷமாக லிப்ட் பழுது பார்க்கிறவன். அறிவிப்புப் பலகையில் எழுதியிருப்பதை எழுதியபடியே செய்ததால்தான் அத்தனை வருஷமும் உயிரோடு இருந்தான். ஆகவே சாத்தினான். தாழ்ப்பாளும் போட்டான். போட்டுவிட்டு, சொன்னதைச் சரியாகச் செய்தோமா என்ற கவலையில் கதவோடு வாயை வைத்து, "போட்டுட்டேன் சார்" என்றான். நாலாவது வெட்டில் கதவு கீல்களோடு பெயர்ந்து அவன் மேலேயே விழுந்தது. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள். "தாழ்ப்பாளை யாருங்க போட்டது?"

"நான்தான். அவங்க போடச் சொன்னாங்க."

அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருப்பவள். எலும்பு வரைக்கும் போகிற பார்வை ஒன்று அவளிடம் உண்டு. அந்தப் பார்வையால் அவனை ஒரு முறை பார்த்தாள்.

விஷயம் இதுதான். வாரியம் அங்கீகரிக்காத எண்ணெயை எவரும் தம் முகத்தில் தடவலாகாது என்பது சட்டம். வாரியம் அங்கீகரித்த எண்ணெய் ஒன்றே ஒன்று. பச்சை பாட்டிலில், மண்ணெண்ணெய் வாடையோடு வரும். அதை வாரியமே தயாரித்தது, வாரியமே பரிசோதித்தது, வாரியமே தனக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டது. மெக்கானிக் அதைத் தடவிய மூன்றாவது நாள் தாடைத் தோல் சுடுதண்ணீர் பட்டதுபோல் உரிந்தது. லிப்ட் குழிக்குள் ஒரு கையில் ஸ்பானரோடு தொங்கிக்கொண்டு இன்னொரு கையால் தாடையைச் சொறிவது நல்லதில்லை. ஒரு நாள் ஸ்பானரை விட்டுவிட்டுச் சொறிந்தான். அது ஆறு மாடி கீழே போய் விழுந்தது. அதன் பிறகுதான் வீட்டிலேயே எண்ணெய் செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தான்.

முதல் தடவை கிராம்பை அள்ளிப் போட்டதில் முகம் எரிந்தது. இரண்டாவது தடவை இலையை ஈரத்தோடு போட்டதில் பாட்டிலே பூசணம் பிடித்தது. மூன்றாவது தடவை பக்குவம் கைவந்தது. அரை டம்ளர் பாதாம் எண்ணெய், கொஞ்சம் விளக்கெண்ணெய், நன்றாகக் காய்ந்த ரோஸ்மேரி இலை ஒரு பிடி, தட்டிய கிராம்பு நாலே நாலு. அடுப்பில் நேராக வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் பாட்டிலை இறக்கி மெல்லச் சூடாக்க வேண்டும். ஆறியதும் வெள்ளைத் துணியில் வடிகட்டி, வைட்டமின் கேப்ஸ்யூல் ஒன்றை ஊசியால் குத்திப் பிழிந்துவிட்டால் போதும். பத்தே நாளில் அரிப்பு நின்றது. தாடி கருகருவென்று படிந்து உட்கார்ந்தது. மனைவிகூட ஒரு நாள் அதில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, தேய்க்கிற பிரஷ் மாதிரி இருந்தது இப்ப மனுஷ முடி மாதிரி இருக்கு" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். மனைவியின் தம்பிக்கு ஒரு சின்ன பாட்டில் கொடுத்தான். அவன் செருப்புக் கடையில் விற்பனையாள். வருகிற ஆட்களின் காலைப் பிடித்து அளவெடுத்துக்கொண்டே, "எங்க மாமா செஞ்சது சார், மோந்து பாருங்க" என்று தாடியை நீட்டியிருக்கிறான். வாரியத்தில் மோப்பம் பிடிக்கிறவர்களும் செருப்புப் போடுகிறவர்கள்தான்.

இப்போது வாரியம் சமையலறைக்குள் நின்றது. அலமாரியில் எட்டு பாட்டில்கள் வரிசையாக இருந்தன. ஆய்வாளர் கண்ணைக் காட்டினார். பெரியகை கோடாலியைத் திருப்பிப் பிடித்து முதல் பாட்டிலை அடித்தார். சுவரெல்லாம் எண்ணெய் தெறித்தது.

"ஐயோ, எதுக்கு சார் உடைக்கிறீங்க?"

"உள்ள என்ன இருக்குன்னு பார்க்க வேண்டாமா?"

"மூடியைத் திறந்தா தெரியுமே சார்."

"திறக்கிறது வீட்டுக்காரன் செய்யிற வேலை. நாங்க வாரியம்" என்றார் ஆய்வாளர்.

ஏழு பாட்டில்கள் போயின. கூடவே பால் பாத்திரம், தட்டுகள், சுவர்க் கடிகாரம், ஜன்னல் கண்ணாடி. கடிகாரத்துக்குள்ளும் எண்ணெய் இருக்கலாம் என்றார்கள். எட்டாவது பாட்டிலை மனைவி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பெரியகை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியதில் அதுவும் விழுந்து உடைந்தது. அவள் மறுகையால் அடுப்பிலிருந்த வாணலியைத் தூக்கி ஆய்வாளரின் நெற்றியில் ஓங்கி ஒரு போடு போட்டாள். கோயில் மணி மாதிரி சத்தம் வந்தது. ஆய்வாளர் உட்கார்ந்துவிட்டார். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. இறங்கிய கண்ணை மூடிக்கொண்டு மற்ற கண்ணால் படிவத்தைத் தேடினார்.

"ரொம்ப நன்றிம்மா" என்றார். "எதிர்ப்புக் கட்டம் காலியா இருந்தா மேல அனுப்ப மாட்டாங்க. போன வாரம் ஒரு கிழவர் எதிர்க்கவே மாட்டேன்னுட்டார். நாங்களே எங்களை அடிச்சுக்க வேண்டியதாப் போச்சு."

பிறகு தரையில் கிடந்த எண்ணெயை, கண்ணாடித் தூளோடு சேர்த்து ஒரு கந்தல் துணியில் துடைத்து எடுத்தார்கள். அதற்குப் பெயர் மாதிரி. மாதிரியை ஒரு பையிலும் மெக்கானிக்கை வண்டியிலும் போட்டார்கள்.

வாரிய அலுவலகத்தில் தோல் எதிர்வினைச் சோதனை அறை இரண்டாவது மாடியில் இருந்தது. லிப்ட் பழுது. மெக்கானிக்கைப் படியில் இழுத்துக்கொண்டு போகும்போது, "சார், கதவு சென்சார்ல தூசி அடைச்சிருக்கும், துடைச்சா ஓடும்" என்றான். அதற்காக ஒரு குத்து வாங்கினான்.

சோதனை எளிமையானது. அவனை நாற்காலியில் கட்டினார்கள். இடது கன்னத்தில் அவனுடைய எண்ணெய், வலது கன்னத்தில் வாரிய எண்ணெய். பிறகு இரண்டு பக்கமும் சமமாக அறைய வேண்டும். எந்தக் கன்னம் அதிகம் சிவக்கிறதோ அந்த எண்ணெய் தோலுக்குத் தீங்கானது.

"இதுல என்ன கலந்திருக்கே?" என்று ஆய்வாளர் கேட்டார். நெற்றியில் கட்டுப் போட்டிருந்தார்.

"விளக்கெண்ணெய் சார்."

பளார் என்று விழுந்தது. "யாரைப் பார்த்துடா விளக்கெண்ணெய்னு சொல்றே?" என்றார் பெரியகை.

"ஐயோ, நெசமாவே விளக்கெண்ணெய்தான் சார்."

இன்னொன்று விழுந்தது. இந்த இரண்டும் சோதனைக் கணக்கில் சேராது என்று ஆய்வாளர் குறித்துக்கொண்டார்.

சோதனை தொடங்கியது. பத்து பத்தாக இருபது அறை. இடது கன்னம்தான் அதிகம் சிவந்தது. "பார்த்தியா? உன் எண்ணெய் எவ்வளவு ஆபத்து!" என்றார் ஆய்வாளர்.

"அவருக்கு வலது கைப் பழக்கம் சார். எதிர்ல நின்னு அறைஞ்சா இடது கன்னத்துலதான் பலமா விழும்" என்றான் மெக்கானிக், உதடு வீங்கிய வாயால்.

ஆய்வாளர் யோசித்தார். நேர்மையான மனிதர். நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு, சந்தேகம் தீரும்வரை மறுபடியும் பத்து பத்து போடச் சொல்லிவிட்டு, படிவத்தில் கையெழுத்து வாங்கப் பக்கத்து அறைக்குப் போனார்.

கதவு சாத்தியதும் பெரியகை குனிந்தார். அவ்வளவு பக்கத்தில் மெக்கானிக் அவர் முகத்தை அப்போதுதான் பார்த்தான். தாடிக்குள் தோல் செதில் செதிலாக உரிந்து, சொறிந்த இடமெல்லாம் புண்ணாகி நீர் கோத்திருந்தது. வாரிய ஊழியர்கள் தினம் இரண்டு வேளை பச்சை பாட்டில் தடவியாக வேண்டும்.

"விளக்கெண்ணெய் எத்தனை ஸ்பூன்?" என்று ரகசியமாகக் கேட்டுவிட்டு அறைந்தார்.

"ரெண்டு."

"நெசமாவே அரிப்பு நிக்குமா?" பளார்.

"பத்து நாள்ல... நின்னுச்சு சார். கேட்கிறப்பவாவது... அடிக்காம கேளுங்க சார்."

"சத்தம் நின்னா அவர் வந்துடுவார் தம்பி."

"உங்க தொடையில தட்டுனா சத்தம் கேட்குமே."

பெரியகை அவனை அதிசயமாகப் பார்த்தார். "எனக்கு வலிக்காதா?" என்றார்.

இப்படியே பாதாம் எண்ணெய் அளவுக்கு மூன்றும், கிராம்புக்கு நாலும் வாங்கினான். ரோஸ்மேரி என்றால் என்ன இலை என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் கடைவாய்ப்பல் ஒன்று பெயர்ந்து மடியில் விழுந்தது. வெந்நீர்ப் பாத்திரத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது ஆய்வாளர் வந்துவிட்டார். பல்லைப் பார்த்ததும் கைக்குட்டையால் எடுத்துப் பையில் போட்டு, அலுவலக வளாகத்துக்குள் விழும் பொருள் எதுவும் வாரியத்தைச் சேரும் என்று விளக்கினார்.

பிற்பகலில் தலைவர் முன்னிலையில் விசாரணை. தாடி மீசை நல வாரியத் தலைவரின் முகம் தேய்த்துக் கழுவிய பீங்கான் தட்டு மாதிரி வழவழவென்று இருந்தது.

"எனக்குத் தாடி வளராது" என்று அவரே ஆரம்பித்தார். "மீசையும் வளராது. அதனாலதான் என்னைத் தலைவராப் போட்டாங்க. தாடி இருக்கிறவன் தன் தாடிக்குத்தானே சாதகமாப் பேசுவான்? நாங்க மக்களோட முகத்தைக் காப்பாத்தத்தான் இருக்கோம். நீங்க ஆளாளுக்கு வீட்டுல எண்ணெய் காய்ச்சிக்கிட்டா, நாளைக்கு முகம் நல்லாப் போயிடும். நல்லாப் போயிட்டா எங்ககிட்ட யார் வருவா? ரெண்டாயிரம் பேர் இந்த வாரியத்தை நம்பிச் சாப்பிடறாங்க. உங்க தாடியை மட்டும் பார்க்கறீங்களே, அவங்க வயித்தைப் பார்த்தீங்களா?"

"எனக்கு அரிச்சுது சார்" என்றான் மெக்கானிக்.

"எல்லாருக்கும்தான் அரிக்குது. அதுதான் சமத்துவம்."

தாடியைப் பறிமுதல் செய்ய உத்தரவானது. தண்ணீர் தொட்டு மழித்தால் எடை கூடிப்போகும் என்பதால் உலர்ந்த முகத்தில், மழுங்கிய கத்தியால் பெரியகையே மழித்தார். முடியோடு தோலும் வந்தது. மெக்கானிக் கத்தினான். கத்தினால் முகம் அசைகிறது என்று ஆய்வாளர் அவன் தலைமுடியைப் பிடித்து நாற்காலியோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். தாடியைப் பையில் போட்டு அரக்கு வைத்தார்கள். ரத்தம் காய்ந்த முகத்தோடு அவனை வெளியே தள்ளி, இறுதி விசாரணை அடுத்த வாரம் என்று சீட்டுக் கொடுத்தார்கள்.

மனைவி தன் ஆஸ்பத்திரியில் சீட்டு எதுவும் போடாமல் அவனுக்கு எக்ஸ்ரே எடுத்தாள். தாடை எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல். படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி நெடுநேரம் நின்றாள். அவளுடைய முறுக்கிய மணிக்கட்டு வீங்கி நீலமாக இருந்தது. அந்த வாரம் முழுக்க அவனுக்குக் கஞ்சியை ஸ்பூனால் ஊட்டினாள். தம்பி வந்து வாசலிலேயே நின்றுகொண்டு அழுதான். அவனும் மழமழவென்று மழித்துவிட்டிருந்தான். "என்னையும் ரெண்டு போட்டாங்க மாமா. மூணாவதுக்கு உங்க பேரைச் சொல்லிட்டேன்" என்றான்.

"பரவால்ல விடுறா" என்றான் மெக்கானிக். ஆனால் அந்த ஏழு நாளும் அவன் வேறெதையும் நினைக்கவில்லை. லிப்ட் குழிக்குள் கம்பிகளுக்கு நடுவே தொங்கும்போது பெரியகையின் முகம் வரும். அந்த முகத்தில் ஸ்பானரால் அடிப்பதாக நினைத்துக்கொள்வான். பிறகு வெறும் கையால் அடிப்பதாக. வெறும் கைதான் நன்றாக இருந்தது.

இறுதி விசாரணைக்குப் போனபோது வாரிய அலுவலகத்தின் வாசல் கதவு உடைந்து கிடந்தது. உள்ளே, கோப்பு அலமாரி ஒன்று படியில் உருண்டு வந்து அவன் காலருகே நின்றது. மேலிருந்து அலறல் கேட்டது.

நடந்தது என்னவென்றால், மோப்பப் பிரிவுக்காரர் ஒருவர் அன்று காலை தாழ்வாரத்திலேயே ரோஸ்மேரி வாசனை பிடித்துவிட்டார். வாசனை பெரியகையின் தாடியிலிருந்து வந்தது. அவருடைய வீட்டுக்கு ஆள் போய்ச் சட்டப்படி கதவைச் சாத்தச் சொல்லி உடைத்தார்கள். பாட்டில்கள் அகப்பட்டன. பெரியகையை இருபது அறை அறைந்ததில், அவர் யார் யாருக்கெல்லாம் ஒரு பாட்டில் கொடுத்தார் என்று சொல்லிவிட்டார். கணக்குப் பிரிவு முழுசும் வாங்கியிருந்தது. பதிவுப் பிரிவில் பாதிப் பேர். மோப்பக்காரரே ஒரு பாட்டில் வாங்கியிருந்தார்.

வாரியம் தன் கடமையில் குறை வைக்கவில்லை. கணக்குப் பிரிவைப் பதிவுப் பிரிவு சோதனையிட்டது, பதிவுப் பிரிவைக் கணக்குப் பிரிவு. நாற்காலிக் கால்களைப் பிடுங்கி அடித்துக்கொண்டார்கள். ஒருவர் கையில் பேரேடு. அதன் முதுகால் எதிரில் இருந்தவரின் காதில் அடித்துக்கொண்டே, "கையெழுத்துப் போடுய்யா, எதிர்ப்புன்னு கையெழுத்துப் போடு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மாடிப்படி முழுக்க எண்ணெயும் ரத்தமும் சேர்ந்து வழுக்கியது. ஆய்வாளர் முறிந்த கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டபடி, மறுகையால் இதையெல்லாம் படிவத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். மெக்கானிக்கைக் கண்டதும், "சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க, தலைவர் கூப்பிடறார்" என்று பாராட்டினார்.

சோதனை அறையில் அதே நாற்காலியில் பெரியகையைக் கட்டிவைத்திருந்தார்கள். ஒரு கண் மூடிப்போய், மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தலைவர் பக்கத்தில் நின்று சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.

"உங்க கோப்பை இன்னிக்கே முடிச்சுடலாம்" என்றார் மெக்கானிக்கிடம். "ஒரே ஒரு சடங்கு பாக்கி. இவர் உங்க மேல நடத்தின சோதனை செல்லாமப் போச்சு, ஏன்னா இவரே குற்றவாளி. அதனால பாதிக்கப்பட்டவர் ஒரு சரிபார்ப்பு அறை கொடுக்கணும். ஒண்ணு போதும். எவ்வளவு பலம்னு சட்டத்துல சொல்லல. கன்னத்துல தொட்டாலே நான் எழுதிக்குவேன். நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல."

மெக்கானிக் நாற்காலிக்கு எதிரே போய் நின்றான். பெரியகை நல்ல கண்ணைத் தூக்கிப் பார்த்தார்.

"கருகிப்போச்சு தம்பி" என்றார் மெல்ல. "நீ சொன்ன அளவுதான் போட்டேன். நேரா அடுப்புல வச்சேன். தப்பு எங்க?"

மெக்கானிக் அவர் கன்னத்தைப் பார்த்தான்.

"மெதுவாவே அடி. அதுவும் செல்லும்னுதானே சொல்றார்" என்றார் பெரியகை.

மெக்கானிக் கையை ஓங்கினான். ஓங்கும்போது தொட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தான். விழும்போது அது முழு அறையாக விழுந்தது. புண்ணான தோல் உள்ளங்கையில் ஒட்டி வந்தது. பெரியகையின் தலை திரும்பி நின்றது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஒருவேளை அதோடு நின்றிருக்கும். மெக்கானிக் இரண்டாவது அறைந்தான். மூன்றாவதை இடக்கையால் அறைந்தான், இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும் என்பது போல. அப்புறம் அவன் எண்ணவில்லை. நாற்காலி சாய்ந்து விழுந்ததும் குனிந்து அடித்தான். ஆய்வாளர்தான் தன் ஒற்றைக் கையால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"போதுங்க. ஒண்ணுதான் கேட்டோம்" என்றார். அவர் குரலிலேயே கொஞ்சம் பயம் இருந்தது.

தலைவருக்குப் பயமில்லை. முகம் மலர்ந்து மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிய கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். "இத்தனை வருஷத்துல இவ்வளவு முழுசா இணங்கின ஆளை நான் பார்த்ததில்ல" என்று சொல்லி, கோப்பை மூடிக் கையெழுத்துப் போட்டார். இனி வீட்டில் எண்ணெய் காய்ச்சிக்கொள்ளலாமா என்று மெக்கானிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று அனுமதியே கொடுத்திருப்பார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி புதுக் கதவுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தாள். பிரஷை வைத்துவிட்டு ஓடி வந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புதுக் காயம் ஒன்றும் இல்லை.

"அடிக்கலையா?"

"இல்ல."

"அப்பாடா. கேஸ்?"

"முடிஞ்சுது."

"பின்ன ஏங்க கையில இவ்வளவு ரத்தம்?"

அவன் கையைப் பின்னால் கொண்டுபோகப் பார்த்தான். அவள் பிடித்துக்கொண்டாள். விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. அவள் எக்ஸ்ரே எடுக்கிறவள்; எந்த மாதிரி வீக்கம் எதனால் வருகிறது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"யாரை?"

"அந்தப் பெரியகையை."

"நல்லா வேணும் அந்த ஆளுக்கு" என்றாள் உடனே. முறுக்கிய மணிக்கட்டை அவளறியாமல் தடவிக்கொண்டாள். பிறகு, என்னவோ உறைத்தது போல, "அவ்வளவு பெரிய ஆளு... உங்களைத் திருப்பி அடிக்கலையா?" என்றாள்.

"இல்ல."

"ஏன்?"

அவன் புதுக் கதவைப் பார்த்தான். சாயம் இன்னும் காயவில்லை.

"கட்டிப் போட்டிருந்தாங்க" என்றான்.

அவள் அவன் கையை விட்டாள். ஓர் அடி பின்னால் நகர்ந்தாள், அவ்வளவுதான். அந்த வாரம் அவன் பட்ட அடிகளிலெல்லாம் அந்த ஓர் அடிதான் வலித்தது.